திறந்த வாய் ஊத்தா

ஹீல்ஸ்வில் சரணாலயத்தின் வாசலைத் தாண்டி நூறு அடிகூட நடந்திருக்க மாட்டோம், அம்மா நின்றுவிட்டாள். பக்கத்தில் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கங்காரு புல்லில் சாய்ந்து படுத்து நெஞ்சைச் சொறிந்துகொண்டிருந்தது. "ஏப்பா, இது இந்த ஊரு உசுருதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "சொந்த ஊர்ல இருக்கிறதுக்கு எதுக்குய்யா வேலி?" மெல்போர்னிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம் முழுக்க, நாம் போகிற இடத்தில் யானை கிடையாது, சிங்கம் கிடையாது, ஆஸ்திரேலிய மண்ணின் உயிர்கள் மட்டும்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன் நான்தான். அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா பிறந்தது சிவகங்கை மாவட்டத்தில், கொள்ளுக்குடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான். 1977-ல் அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்தது. ஆனால் கண்மாய்க்கரைக் கருவேல மரங்களில் கூடு கட்ட வரும் நாரைக்கும் அரிவாள்மூக்கனுக்கும் குஞ்சு பொரிக்க இடம் கொடுத்தது அந்த ஊர்ச்சனம். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. பத்து வயதுப் பையனுக்கும் அது தெரியும். கையில் ஓலைவெடி இருந்தாலும் பற்ற வைக்க மாட்டான். அம்மாவைப் பொறுத்தவரை ஓர் உயிரைக் காப்பது என்றால் அதுதான்: மனிதர்கள் சேர்ந்து ஒன்றைச் செய்யாமல் இருப்பது. "எங்க கண்மாய்க்கு வேலியா போட்டிருக்கு?" என்று அவள் கேட்டபோது நான் சட்டென்று நரியைக் காட்டித் தப்பித்தேன். இங்கே நரியும் காட்டுப்பூனையும் அதிகம், அவை உள்ளே வராமலிருக்கத்தான் வேலி என்றேன். நரி முன்பிருந்தே இந்த ஊரில் உண்டா என்றாள். இல்லை, வெள்ளைக்காரர்கள் வேட்டையாடி விளையாடுவதற்காகக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்றேன்.

"அப்ப அடைக்க வேண்டியது நரியைத்தானே?"

என் மகள், ஒன்பது வயது, "அப்பத்தா சொல்றது கரெக்டுப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அம்மா கேட்டது வேடிக்கைக் கேள்வியே அல்ல. இந்த நாட்டின் வன உயிர்ப் பாதுகாப்பில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. கிழக்குப் பட்டை பாண்டிகூட் என்றொரு சிறு பிராணி உண்டு. முயலைவிடச் சிறியது, நீண்ட மூக்கு, பின்னுடம்பில் வெளிர்ப் பட்டைகள். இந்த விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் புல்வெளி முழுக்க இருந்த உயிர். புல்வெளி பண்ணையானது, நரி வந்தது, பெருநிலத்தில் அதன் கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். கூண்டில் வளர்த்து, நரிபுக முடியாத வேலிகளுக்குள்ளும் நரியில்லாத தீவுகளிலும் விட்டுப் பெருக்கி, 2021-ல்தான் 'காட்டில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து அதை வெளியே எடுத்தார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பு. நரியை அடைக்க முடியவில்லை. ஆகவே நரியில்லாத ஒரு துண்டு நிலத்தை அடைத்தார்கள். இதை அம்மாவுக்கு விளக்கினேன். தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு அந்த நாள் எல்லாக் குடும்பங்களின் நாளையும் போலத்தான் போனது. கோலா தூங்கியது. மகன் அதை எழுப்பச் சொல்லி அழுதான். ஆப்புவால் கழுகு ஒன்று தலைக்கு மேல் தாழப் பறந்துபோனபோது கூட்டம் மொத்தமும் குனிந்தது. வானளாவ நின்ற மரங்களை அண்ணாந்து பார்த்த அம்மா, "தைல மரமாய்யா இது? இம்புட்டு உசரமா?" என்று வாயடைத்துப் போனாள். எங்கள் பக்கத்தில் தைலமரக் காடு என்றால் வரிசையாக நட்டு, சில வருடத்தில் வெட்டி, காகித ஆலைக்கு லாரியில் ஏற்றுவது. கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது என்று புதுக்கோட்டை, சிவகங்கைச் சம்சாரிகள் திட்டித் தீர்க்கும் மரம். அதே இனத்து மரம் இங்கே தன் மண்ணில், ஒன்றோடொன்று ஒட்டாத வயதுகளில், பட்டை உரிந்து, பொந்து விழுந்து, பொந்துக்கொரு உயிரை வைத்துக்கொண்டு நிற்கிறது. அம்மா ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தாள். "பாவம், இதை அங்க கொண்டுபோயில்ல கெடுத்துப்புட்டாங்க" என்றாள். மதியம் புளியோதரையைப் பிரித்தபோது ஓர் ஐபிஸ் வந்து உருளைக்கிழங்கைக் கொத்திக்கொண்டு போனது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அந்த நாளில் நான் பார்த்த நல்ல காட்சி அதுதான். "அரிவாமூக்கன்! இங்கயும் வந்துட்டியா நீ?"

கோரண்டர்க்

வேலி பற்றிய கேள்விக்கு இன்னொரு பதில் இருக்கிறது. அதை அன்று அவளுக்கு நான் சொல்லவில்லை; அன்றிரவு உட்கார்ந்து படித்த பிறகுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

நாங்கள் புளியோதரை தின்ற அந்த நிலம் கோரண்டர்க் என்ற பூர்வகுடிக் குடியிருப்பின் ஒரு துண்டு. 1863-ல் சைமன் வோங்கா, வில்லியம் பராக் என்ற பூர்வகுடித் தலைவர்கள் முன்னடத்த, வெள்ளையரின் ஆட்டுப்பண்ணைகளால் துரத்தப்பட்ட மக்கள் மலையைக் கடந்து நடந்து வந்து பேட்ஜர் ஓடைக்கரையில் குடியேறினார்கள். கோரண்டர்க் என்பது அந்த ஓடைகளின் ஓரம் வெள்ளையாகப் பூக்கும் ஒரு செடியின் பெயர். காடு திருத்தி, வீடு கட்டி, பீர் காய்ச்சச் சேர்க்கும் ஹாப்ஸ் பயிரிட்டு, தங்கள் விளைச்சலுக்கு மெல்போர்னில் பரிசு வாங்குமளவுக்கு வளர்ந்தார்கள். வளர்ந்த பிறகுதான் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களின் கண் அந்த நிலத்தில் விழுந்தது. நிலத்தை விற்றுவிட்டு அவர்களை வேறிடம் மாற்றலாம் என்று பேச்சு கிளம்பியது. பராக்கும் மற்றவர்களும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து மெல்போர்னுக்குப் போய் அமைச்சர்களைப் பார்த்தார்கள், மனு எழுதினார்கள். 1881-ல் அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்து அவர்களின் வாக்குமூலத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. அதில் கொஞ்சம் வென்றார்கள். 1886-ல் வந்த சட்டமோ, கலப்பு வம்சம் என்று சொல்லி இளவயதுக்காரர்களைக் குடியிருப்பைவிட்டு வெளியேற்றியது. உழைக்கும் கைகள் போயின. 1924-ல் கோரண்டர்க் மூடப்பட்டது. பெரும்பாலோரைத் தொலைவிலிருந்த லேக் டயர்ஸ் என்ற இன்னொரு பூர்வகுடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். சில முதியவர்கள் மட்டும் அசையமாட்டோம் என்று அங்கேயே இருந்தார்கள்.

இதையெல்லாம் செய்த அமைப்பின் பெயர் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்மூரில் எத்தனையோ காரியத்துக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொலவடை இவ்வளவு சரியாகப் பொருந்திய வரலாறு வேறொன்றை நான் படித்ததில்லை.

குடியிருப்பு மூடப்படுவதற்கு முன்பே, 1920-ல், காலின் மெக்கென்சி என்ற உடற்கூறு ஆய்வாளர் அந்த நிலத்தில் 78 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து இந்நாட்டு விலங்குகளை ஆராயத் தொடங்கினார். அதுவே 1934-ல் சரணாலயமாகத் திறக்கப்பட்டது. மனிதர்களை அப்புறப்படுத்திய அதே நிலம் விலங்குகளுக்குப் புகலிடமானது. சரணாலயம் செய்யும் வேலையை நான் மதிக்கிறேன், மனதார மதிக்கிறேன். ஆனாலும் இந்த இரண்டும் ஒரே நிலத்தில் நடந்தன என்பதை ஒதுக்கிவிட்டு அந்த மதிப்பை வைத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. மெல்போர்னில் ஸ்வான்ஸ்டன் தெருவின் வடகோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் பால்கனி வளைவுகளெல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு முதியவரின் முகமாகத் தெரியும். அது பராக்கின் முகம். தினம் அதன் அடியில் நடந்து வேலைக்குப் போகிறேன். பக்கத்தில் நின்றால் வெறும் வெள்ளை வளைவுகள்தான் தெரியும். பல வருடம் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு நீந்துவது

மாலை மூன்று மணிக்கு மேல் பிளாட்டிபஸ் பார்க்கப் போனோம். 'முட்டையிடும் பாலூட்டி எது?' என்ற ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் நமக்கெல்லாம் அதைத் தெரியும். இருட்டறை, கண்ணாடித் தொட்டி, பழுப்பு நீர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு முழ நீளத்தில் ஏதோ ஒன்று கண்ணாடி ஓரமாகப் புரண்டு போனது. "இம்புட்டுதானா!" என்றாள் அம்மா. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். படத்தில் பார்த்துவிட்டு ஒரு நாயளவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்களாம்.

காப்பாளர் பெண்மணி பேசத் தொடங்கினார். நான் அம்மாவின் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். உலகத்திலேயே மனிதர் வளர்ப்பில் முதல் பிளாட்டிபஸ் குட்டி பிறந்தது இந்தச் சரணாலயத்தில்தான், 1943-ல். டேவிட் ஃப்ளே என்பவர் அதைச் சாதித்தார். இங்கே மறுபடி அப்படி ஒன்று நடக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இது கூச்ச சுபாவம் உள்ளது, தண்ணீரும் மண்கரையும் தீனியும் சரியாக அமையாவிட்டால் இணை சேராது. காம்பு கிடையாது, தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கும். ("அட ஆத்தே" என்றாள் அம்மா.) தண்ணீருக்குள் போனதும் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். இரையின் தசை அசையும்போது உண்டாகும் மிகச் சின்ன மின்துடிப்பை அலகாலேயே உணர்ந்து அதை நோக்கிப் போகும்.

அப்புறம் அவர் ஒரு வலையைத் தூக்கிக் காட்டினார். அரைவட்டக் கம்பிகள், நைலான் வலை, இரண்டு பக்கமும் உள்நோக்கிக் குறுகும் வாய். சிட்னி ஓபரா ஹவுஸின் கூரை மாதிரி இருப்பதால் ஓபரா ஹவுஸ் வலை என்று பெயர். யாபி பிடிக்கப் பயன்படுத்துவது. யாபி என்பது ஓடையிலும் பண்ணைக் குட்டையிலும் கிடைக்கும் நன்னீர்ச் சிங்கி இறால். பிளாட்டிபஸுக்கும் யாபி பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துடிப்பைத் தேடி உள்ளே போய்விடும். திரும்பும் வழி தெரியாது. வலை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒன்று போன வலைக்குள் இன்னொன்றும் போகும். விக்டோரியாவில் 2019 ஜூலையிலிருந்து இந்த வலைக்குத் தடை. கயிறு அறுந்து ஓடையில் தொலைந்த வலை இருக்கிறதே, அது வருடக்கணக்கில்...

மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான் அங்கே நின்றுவிட்டேன். "வருசக்கணக்குல என்னய்யா?" என்றாள் அம்மா. என் மனைவி தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கார் கொட்டகையில், மேல் பலகையில், உடைந்த தொட்டிலுக்குப் பின்னால் அந்த வலை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. 2017-ல் வாங்கியது. வாங்கியது இரண்டு.

"வருசக்கணக்குல பிடிச்சுக்கிட்டே இருக்கும்மா" என்று சொல்லி முடித்தேன்.

அம்மா காப்பாளர் கையிலிருந்த வலையையே பார்த்தாள். "மேல மூடியிருக்கே. எங்க ஊத்தாவுக்கு மேல வாய் இருக்கும்ல?" என்றாள். கண்மாய் வற்றும் காலத்தில் எங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தாவோடு இறங்கும். மூங்கில் குச்சியில் முடைந்த கூம்பு அது. அடியும் திறப்பு, மேலும் திறப்பு. சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி விராலையோ கெளுத்தியையோ எடுப்பார்கள். தண்ணீர்ப்பாம்போ ஆமையோ கையில் பட்டால் ஊத்தாவைத் தூக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். இன்று விக்டோரியாவில் யாபிக்கு அனுமதித்திருப்பதும் மேல் திறந்த தூக்குவலைதான். பள்ளிக்கூடத்தையே பார்க்காத என் தாத்தாவின் கையில் இருந்த அறிவு அது. அவருடைய பேரன் நான், கடையில் தொங்கியதை விலை பார்த்து வாங்கினேன்.

தொலைந்தது ஒன்று

அப்போது மகள் கைக்குழந்தை. கிப்ஸ்லாந்துப் பக்கம் சின்னப் பண்ணை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் எங்களை அடிக்கடி கூப்பிடுவார். அவர் பண்ணையின் எல்லையில் ஓர் ஓடை. கோழிக் கழுத்தை இரையாகக் கட்டி இரவில் இரண்டு வலைகளையும் அந்த ஓடையில் இறக்கிவிட்டுத் தூங்கப் போவோம். காலையில் ஒரு வாளி யாபி. மனைவி அதை நண்டுக் குழம்பு மாதிரி மிளகு தூக்கலாக வைப்பாள். பொது நீர்நிலையில் அந்த வலையைப் போடக்கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. பண்ணைக் குட்டைக்கு மட்டும்தான் அனுமதி. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. மூன்றாம் முறை, இரவில் நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் வேரில் கட்டிய கயிற்றில் ஒன்று அறுந்து கிடந்தது. வலை பத்து டாலர்தானே என்று விட்டுவிட்டோம். அந்தப் 'பத்து டாலர்தானே' என்ற என் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

சரணாலயத்திலிருந்து திரும்பியதும் கொட்டகையில் இருந்த வலையை எடுத்து, ஒவ்வொரு கண்ணியாக வெட்டிக் கம்பியை வளைத்துக் குப்பையில் போட்டேன். அது சுலபம். மற்றது மனதிலேயே கிடந்தது. 2021-ல் விக்டோரியாவின் அழியும் ஆபத்துள்ள உயிர்களின் பட்டியலில் பிளாட்டிபஸ் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓடைகள் வற்றுவது, கரைகள் சரிவது, அணைகள் என்று பெரிய காரணங்கள் இருக்கின்றன. என் ஒரு வலையை வைத்து ஓர் இனம் அழியாது என்று மனைவி ஆறுதல் சொன்னாள். உண்மைதான். ஆனால் ஓர் ஓடையில் எத்தனை இருந்துவிடப் போகின்றன? மூன்றோ நான்கோ இருக்கும் இடத்தில் ஒரு வலை என்பது சின்னக் கணக்கு அல்ல.

அம்மா ஊருக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணரை அழைத்தேன். "தம்பி, இவ்வளவு வருசத்துக்குப் பிறகு அது கிடக்கும் எண்டே நினைக்கிறீர்?" என்றார். நைலான் மக்காது என்றேன். சரி வாரும் என்றார். அவர் கொட்டிலிலும் இரண்டு வலைகள் இருந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் அவரே வெட்டி வைத்திருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் வாரி. முதல் சனிக்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை. ஓடை தன் போக்கை ஒரு இடத்தில் மாற்றிக்கொண்டிருந்தது. கரையில் பிளாக்பெர்ரி முள் புதராக அடைத்திருந்தது, அதுவும் கப்பலில் வந்ததுதான். இரண்டாவது வாரம் மகளையும் கூட்டிப்போனேன். இருநூறு மீட்டர் கீழே, விழுந்த மரமொன்றின் அடியில், மணலுக்குள்ளிருந்து ஒரு கம்பி வளைவு நீட்டிக்கொண்டிருந்ததை அவள்தான் பார்த்தாள்.

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். கரையில் போட்டு, வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவினேன். இலைச் சகதி. யாபி ஓடுகள், வெளுத்துப்போய். ஒரு மூலையில் தீக்குச்சி கனத்தில் கொஞ்சம் எலும்புகள். மீனாக இருக்கலாம். நீர் எலியாக இருக்கலாம். அண்ணர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் கொடுத்தார். மகள் கேட்டாள், தெரியவில்லையம்மா என்றேன். கோரண்டர்க் செடியின் இனத்தில் ஏதோ ஒன்று அங்கே பூத்திருந்தது. அதன் அடியில் குழி பறித்துப் புதைத்தோம்.

அன்றிரவு அம்மா போனில் கேட்டாள். "கிடைச்சுச்சாய்யா?"

"கிடைச்சிருச்சும்மா. வெட்டிப் போட்டாச்சு."

"உள்ள ஏதும் கிடந்துச்சா?"

"மண்ணுதாம்மா" என்றேன்.